இரண்டாவது கயிறு

(ஹட்டனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலையகத்தைப் பற்றிப் பேச மேடை கிடைத்தால் கொழுந்தையும் கூடையையும் பேசுவது நம் வழக்கம். பேசத்தான் வேண்டும். 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வருவதற்கு எத்தனை காலம் தெருவில் நின்றோம்! 2024இல் அது 1,350 ஆவதற்கு எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை இழுபறி! அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் இன்று நான் தேயிலை மலையை விட்டு இறங்கிப் போன பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தாய்மாரே, உங்கள் மகன் எங்கே என்று கேட்டால் கொழும்பில் என்கிறீர்கள். கொழும்பில் என்ன வேலை என்று கேட்டால் சிலர் கடை என்கிறீர்கள், சிலர் ஹோட்டல் என்கிறீர்கள், சிலர் பில்டிங் வேலை என்கிறீர்கள். சரி, அந்தப் பில்டிங்கில் அவன் எந்த இடத்தில் இருக்கிறான்? உள்ளேயா, வெளியேயா? தரையிலா, முப்பதாவது மாடியிலா? நிற்கிறானா, தொங்குகிறானா? இதை நாம் கேட்பதில்லை. கேட்டாலும் அவன் சொல்வதில்லை. அம்மா பயந்துவிடுவாள் என்று மறைத்துவிடுகிறான்.

உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பவர்கள், சுவர் கழுவுபவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள். இவர்கள்தான் இன்றைய பொருள்.

கொழும்பு மேல்நோக்கி வளரத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. இலங்கை வங்கியின் தலைமையகம் 1987இல் எழுந்தபோது ஊரிலிருந்து போனவர்கள் தொப்பி விழ அண்ணாந்து பார்த்தார்கள். 1997இல் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் வந்தன. ஒவ்வொன்றும் 152 மீற்றர். பிறகு 240 மீற்றர் உயரத்துக்கு ஆல்டெயார் வந்தது. 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்த தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர். இன்று காலிமுகத்திடலில் நின்று திரும்பிப் பார்த்தால் கண்ணாடி, கண்ணாடி, எங்கும் கண்ணாடி. கடற்காற்று அந்தக் கண்ணாடியில் உப்பைப் பூசிக்கொண்டே இருக்கிறது. வாகனப் புகை உப்பின்மேல் படிகிறது. மழை அதைக் கோடு கோடாக இழுத்துவிட்டுப் போகிறது. உள்ளேயிருந்து துடைக்கலாம் என்றால் அந்தக் கண்ணாடிகள் பெரும்பாலும் திறக்கிறவை அல்ல. ஆகவே ஒருவர் வெளியே இருந்துதான் துடைத்தாக வேண்டும்.

அதற்கு மெஷின் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கூரையில் தண்டவாளம் போட்டு, கொண்டோலா என்கிற கூண்டை இறக்குகிற மெஷின் இருக்கிறது. ஆனால் எல்லாக் கட்டடத்திலும் அது இல்லை. இருக்கிற கட்டடத்திலும் எல்லா மூலைக்கும் அது போகாது. உலகத்திலேயே உயரமான துபாய் புர்ஜ் கலீஃபாவை எடுத்துக்கொள்ளுங்கள். 828 மீற்றர் உயரம், இருபத்து நான்காயிரத்துக்கும் அதிகமான கண்ணாடிகள். அவ்வளவு பணம் கொட்டிக் கட்டி, துடைப்பதற்கென்றே மெஷின்களைச் சுவருக்குள் பதித்த கட்டடம் அது. அதற்கும் உச்சிப் பகுதியில் மெஷின் எட்டாது. அங்கே கயிற்றில் மனிதன்தான் இறங்குகிறான். துபாய்க்கே அந்த நிலைமை என்றால் கொழும்பைக் கேட்க வேண்டுமா?

இந்த வேலை வெறும் தைரியத்தில் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. இதற்கு முறை உண்டு, படிப்பு உண்டு, பரீட்சை உண்டு. மலையேறுபவர்களும் குகைக்குள் இறங்குபவர்களும் கையாண்ட வித்தையை 1980களில் வட கடலின் எண்ணெய் மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பிறந்த ஐராட்டா என்ற அமைப்பு இன்று உலகம் முழுவதும் இந்தத் தொழிலுக்கு ஒழுங்கு சொல்கிறது. நான்கு நாள் பயிற்சி. அதற்குப் பிறகு, பயிற்சி கொடுத்த இடத்தைச் சேராத ஒருவர் வந்து பரீட்சை வைப்பார். தேறினால் முதல் படி. அடுத்த படிக்குப் போக ஒரு வருடமும் 1,000 மணித்தியாலக் கயிற்று வேலையும் வேண்டும். மூன்றாம் படிக்காரர் ஒருவர் மேற்பார்வைக்கு இல்லாமல் எந்த இடத்திலும் வேலை தொடங்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.

இத்தனை ஒழுங்கின் அடியிலும் இருப்பது ஒரே விதி. ஓர் ஆளுக்கு இரண்டு கயிறு! முதல் கயிற்றில் அவன் உட்கார்ந்து இறங்குகிறான். இரண்டாவது கயிறு பாரம் தாங்காமல் பக்கத்தில் சும்மா தொங்குகிறது. முதல் கயிறு அறுந்தால், நழுவினால், முடிச்சு விட்டால், அந்த நொடியில் இரண்டாவது கயிற்றில் இருக்கிற பூட்டு கவ்விப் பிடிக்கும். இரண்டும் மேலே வெவ்வேறு இடத்தில் கட்டப்பட வேண்டும். ஒரே கம்பியில் இரண்டையும் கட்டிவிட்டு இரண்டு கயிறு போட்டிருக்கிறேன் என்று சொல்பவன் பொய் சொல்கிறான். அது ஒரு கயிறுதான்.

ஏன் ஒன்று போதாது? 11 மில்லிமீற்றர்க் கயிறு, புதிதாக இருக்கும்போது, இரண்டு தொன்னுக்கு மேல் தாங்கும். ஓர் ஆளைத் தாங்காதா? தாங்கும். ஆனால் முடிச்சுப் போட்டவுடனேயே அந்தப் பலத்தில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு போய்விடுகிறது. பிறகு கூரைச்சுவரின் விளிம்பு இருக்கிறது. ஆள் இடமும் வலமும் அசைந்து துடைக்கத் துடைக்க அந்த விளிம்பு கயிற்றை அரம் போல அராவுகிறது. வெயில் தன் பங்குக்கு நூலை இற்றுப்போகச் செய்கிறது. எல்லாவற்றையும்விடக் கெட்டது அசிட். சுவரில் படிந்த சீமெந்துக் கறையைப் போக்க அசிட் கலந்த தண்ணீரால் கழுவுவார்கள். நைலோன் கயிற்றுக்கு அசிட் ஆகாது. வெளியே பார்த்தால் கயிறு நல்ல கயிறாகவே தெரியும், உள்நூல் செத்திருக்கும். இதையெல்லாம் அறிந்தவர்கள்தான் இரண்டு கயிறு என்று எழுதி வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கயிறு அறவில்லை, ஆள் விழவில்லை, ஆனாலும் ஆள் சாகலாம். வெயிலில் மயங்கி, பெல்ட்டில் அசைவில்லாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கிவிடும். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து. தீயணைப்புப் படை வரட்டும் என்று காத்திருக்க முடியாது. வந்தாலும் அவர்களின் ஏணி எல்லா மாடிக்கும் எட்டாது. கூட வேலை செய்கிறவன் கயிற்றில் இறங்கி அவனைக் கொண்டுவர வேண்டும். அதற்கும் பயிற்சி வேண்டும். அதற்கும் இன்னொரு கயிறு வேண்டும்.

கொழும்பில் ஒரு கட்டடத்தின் பின்புறம், வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில், ஒரு தம்பியோடு பேசக் கிடைத்தது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பெயர் வேண்டாம், கட்டடத்தின் பெயரும் வேண்டாம். பணிஸும் பிளேன்டியுமாக உட்கார்ந்திருந்தான். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறி நகக்கண்கள் வெடித்திருந்தன. உள்ளங்கையில் கயிறு ஓடி ஓடித் தோல் மஞ்சளாகத் தடித்திருந்தது. வாளியும் வைப்பரும் இடுப்பிலே கயிற்றால் கட்டியிருந்தன. மேலேயிருந்து ஒரு வைப்பர் விழுந்தாலும் கீழே போகிறவருக்கு ஆபத்து என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அவன் இருந்து இறங்குவது ஒரு பலகை, அதற்கு ஒரே ஒரு கயிறு.

"தம்பி, ரெண்டு கயிறு போடச் சொல்லித் தரலையா?" என்று கேட்டேன்.

"ரெண்டு கயிறு இருக்கு சேர். மத்தது அடுத்த பக்கத்துல எறங்குற ஆளுக்கு. ரெண்டு பேரு எறங்கினாத்தானே சொன்ன நாளுக்கு வேல முடியும்."

இரண்டாவது கயிறு இருக்கிறது. அதில் இன்னொரு பிள்ளை தொங்குகிறான். வேலை சீக்கிரம் முடிகிறது!

"மேலே யார் கட்டுறது?"

"பாஸ் கட்டுவாரு."

"நீ போய் ஒருக்கா இழுத்துப் பார்த்தியா?"

"பாத்தா, நம்பிக்க இல்லன்னு நெனச்சுக்குவாரு சேர்."

இவனுடைய தைரியத்தைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. தைரியம் அவனிடம் தாராளமாக இருக்கிறது. மேல்மாடியில், அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கட்டியிருக்கிற முடிச்சைத் தொட்டுப் பார்க்கிற உரிமைதான் அவனிடம் இல்லை. கீழே விழுந்தவனைப் பார்த்து, கவனமில்லாமல் இருந்தான் என்கிறோம். விழுவதற்குக் காரணம் பல வேளை அவன் தலைக்கு மேலே, கூரையில் இருக்கிறது.

2007 டிசம்பரில் நியூயோர்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். எக்குவடோரிலிருந்து பிழைக்க வந்த அண்ணன் தம்பி இருவர், 47 மாடிக் கட்டடத்தில் கண்ணாடி துடைக்கக் கூரையில் கூண்டுக்குள் கால் வைத்தார்கள். கூண்டு அப்படியே கீழே போய்விட்டது. தம்பி அந்த இடத்திலேயே இறந்தார். அண்ணன் பிழைத்ததை மருத்துவர்களே நம்பவில்லை. எங்கே பிழை? கூண்டிலா, அவர்களிடமா? கூண்டைத் தாங்கிய கம்பிவடம் கூரையில் பொருத்தப்பட்டிருந்த இடம்தான் விட்டது. அமெரிக்காவிலும் அதே மேல்முனைதான்.

கயிற்றின் மேல்முனையில் யார் நிற்க வேண்டும் என்பதைக் காட்டுவாசிகள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் உறவுகளைப் பிரித்துக் கப்பலேற்றியதே, அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது நீலகிரிக்கு, கூடலூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைக்கு. அந்த மலைகளின் பூர்வகுடிகளில் குரும்பர் என்ற மக்கள் உண்டு. செங்குத்தான பாறையில் மலைத்தேனீ கட்டிய கூட்டை எடுக்கக் காட்டுக்கொடியில் ஏணி பின்னி இறங்குவார்கள். கீழே பள்ளம், சுற்றிலும் தேனீ. ஏணி கட்டிய மரத்தடியில் காவல் நிற்பவன் யார் தெரியுமா? மச்சான்! இறங்குகிறவனின் மனைவியோடு பிறந்தவன். தன் கூடப் பிறந்தவள் தாலியறுக்க எந்தச் சகோதரன் விடுவான்? கொடி அவிழாமல், யாரும் அறுக்காமல், அவன் கண் இமைக்காமல் நிற்பான். இறங்குபவன் விழுந்தால் யாருக்கு நேரடியாக நட்டமோ அவனையே கயிற்றடியில் நிறுத்துவது அந்த மக்களின் வழக்கம். எவ்வளவு பெரிய சட்ட அறிவு இது!

இனி நான் கேட்கிறேன். கொழும்புக் கூரையில் நம் பிள்ளையின் கயிற்றடியில் நிற்கிற மச்சான் யார்? அவன் விழுந்தால் யாருக்கு நட்டம்?

கட்டடக்காரரைக் கேட்டால், சுத்தம் செய்யும் கம்பனிக்கு ஒப்படைத்துவிட்டோம் என்பார். கம்பனியைக் கேட்டால், சப் கொன்ட்ராக்ட் கொடுத்திருக்கிறோம் என்பார்கள். சப் கொன்ட்ராக்டரைக் கேட்டால், பாஸ்தான் ஆள் கொண்டு வந்தார் என்பார். பாஸைக் கேட்டால், பையன் அவனாகத்தான் வந்தான் என்பார். பையனைக் கேட்க முடியாது. இப்படி ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்துகொள்ள, கடைசியில் அந்தச் சாவுக்குப் பொறுப்பு அந்தத் தாய் ஒருத்தி மட்டும்தான்.

இது எங்கேயோ கேட்ட கதையாக இல்லையா? நம் பாட்டன்மாரின் கதை இது. பெரிய கங்காணி தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் போனான். வீட்டுக்கு முற்பணம் கொடுத்தான். தன் சாதிசனத்தையும் உறவுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளும் தலைக்காசு வாங்கினான். தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' ஒன்று இருந்தது. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் காலெடுத்து வைக்க முடியாது. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் கங்காணி. யார் முதலாளி என்பதே பாட்டனுக்குத் தெரியாது. 1921இல் சட்டம் வந்துதான் துண்டு ஒழிந்தது. 1931இல் கோ. நடேசய்யர் இதே ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோதுதான் தோட்டத்து ஆளுக்குக் கங்காணியைத் தாண்டிப் பேச ஒரு வாய் கிடைத்தது. இவ்வளவு பாடுபட்டு வெளியே வந்த நாம், பேரப்பிள்ளையை மறுபடி அதே இருட்டுக்குள் அனுப்பலாமா? பெயர்தான் மாறியிருக்கிறது. அன்றைக்குக் கங்காணி, இன்றைக்குச் சப் கொன்ட்ராக்ட்.

அன்று நம்மைக் கட்டிப்போட்டது ஒரு காகிதம். இன்று முதலாளியைக் கட்டிப்போடுகிற காகிதம் நமக்கு வேண்டும். நியமனக் கடிதம்! அதைத்தான் நான் இரண்டாவது கயிறு என்கிறேன். கூரையில் கட்டுகிற நைலோன் கயிறு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. வேலையில் விபத்து நடந்தால் முதலாளி நட்டஈடு கொடுக்கத்தான் வேண்டும். 1958இலிருந்து ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது; சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980இலிருந்து நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். தற்காலிக ஆள், நாட்கூலி ஆள் என்று சொல்லிச் சேமலாப நிதியிலிருந்து யாரையும் விலக்க முடியாது. முதல் நாளிலிருந்தே உரிமை. ஆனால் இந்த உரிமையைக் கேட்க, நான் இன்னாரிடம் வேலை செய்தேன் என்று காட்ட வேண்டுமே! கடிதம் இல்லை, சம்பளத் துண்டு இல்லை, கையில் காசு வாங்கினோம் என்றால் எதைக் காட்டுவது?

சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. நம் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942இல் எழுதியது. அன்று கொழும்பில் முப்பது மாடிக் கட்டடம் என்று ஒன்று இல்லை. கயிற்றில் இறங்குகிறவனை மனதில் வைத்து எழுதிய சட்டம் அல்ல அது. 2009இல் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனத்துக்குச் சட்டம் வந்தது, நல்ல காரியம். இனி கயிற்று வேலைக்கென்று தெளிவான விதி வேண்டும். சான்றிதழ் இல்லாதவனைக் கயிற்றில் இறக்கினால், இறக்கியவனோடு கட்டடச் சொந்தக்காரரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். கட்டடக்காரரை அந்தக் கயிற்றடியில் நிறுத்தாதவரை மற்றவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டேதான் இருப்பார்கள். இது என் உறுதியான கருத்து.

இந்த வேலைக்குப் போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. ஒழுங்காகப் பயிற்சி கொடுத்து, இரண்டு கயிறு போட்டு, நல்ல சம்பளம் கொடுக்கிற கம்பனிகளும் உண்டு. ஐராட்டாவின் முதல் படிச் சான்றிதழ் கையில் இருந்தால் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை உண்டு. எண்ணெய் மேடையிலும் காற்றாலையிலும் வேலை உண்டு. சரிவிலே பிறந்து, சரிவிலே நடை பழகி, ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேலே பள்ளிக்கூடம் போன நம் பிள்ளைகளுக்கு உயரம் புதிதல்ல. இதே ஹட்டனில் தொண்டமான் பெயரில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே கயிற்று வேலைக்கு முறையான ஒரு பாடநெறி ஏன் தொடங்கக் கூடாது? பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், கருவிகள் வேண்டும், உயரமான ஒரு சட்டகம் வேண்டும். செலவுதான். தேர்தல் மேடைக்குப் பந்தல் போட்டு முடிந்த நமக்கு இது முடியாத செலவா?

தாய்மாரே, இன்று இரவு மகனுக்குப் போன் எடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, எத்தனை கயிற்றில் இறங்குகிறாய் என்று கேளுங்கள். மேலே யார் கட்டுகிறார்கள், நீ பார்த்தாயா என்று கேளுங்கள். கடிதம் தந்தார்களா, சேமலாப நிதி இலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவன் மழுப்பினால் விடாதீர்கள்.

தம்பிமாரே, முடிச்சைப் பார்ப்பது பாஸை அவமதிப்பது அல்ல. உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் ஒருவர் கட்டியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் இறங்குவார்கள். ஒற்றைக் கயிறு என்றால் இறங்கமாட்டேன் என்று சொல்லுங்கள்.

அப்படிச் சொன்னவனுக்கு அடுத்த நாள் வேலை இல்லாமல் போகலாம். அதனால்தான் கடைசியாகத் தொழிற்சங்கத் தோழர்களிடம் வருகிறேன். தோட்டத்துச் செக்ரோலில் பெயர் உள்ளவர்தான் உங்கள் அங்கத்தவர். லயத்தை விட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறிய அன்றே அவன் உங்கள் புத்தகத்திலிருந்து விழுந்துவிடுகிறான். அவனுடைய அப்பா உங்களுக்குச் சந்தா கட்டியவர், பாட்டன் உங்கள் கொடியைத் தூக்கியவர். கொழும்பில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளுக்கென்று தனிப் பதிவேடு திறவுங்கள். அங்கத்துவப் படிவத்தை ஒவ்வொரு தோட்டத்திலும் தாய்மார் கையில் கொடுங்கள். அவர்கள் மகனிடம் சேர்ப்பார்கள். அந்த வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.